காது குத்திய வருஷத்துக் கால்பந்து

அமெரிக்காவின் பிளானோ ஊரில் நான் வேலை பார்க்கும் மளிகைக் கடையில் சனிக்கிழமைக் கூட்டம் எந்த வருஷத்திலிருந்து நேரம் மாறி வர ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் சேர்ந்த புதிதில் காலை பத்து மணிக்கே முருங்கைக்காய்ப் பெட்டியைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். இப்போது பத்து மணிக்குக் கடையில் நானும் சாமி படத்து ஊதுபத்தியும்தான். பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குவார்கள். கூட வரும் பிள்ளைகள் காலில் முழங்கால் வரை சாக்ஸ், சாக்ஸுக்குள் அட்டை வைத்த மாதிரி ஒரு தடுப்பு, அடியில் குமிழ் குமிழாக இருக்கும் ஷூ. கடைத் தரையெல்லாம் புல்லும் மண்ணும் ஆகிவிடும். ஒரு தடவை ஒரு பையன் பருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் பந்தைத் தட்ட, அது உருண்டு போய் நல்லெண்ணெய் பாட்டில்களைச் சாய்த்துவிட்டது. அன்றிலிருந்து, "பந்து உள்ளே கொண்டு வர வேண்டாம்" என்று முதலாளி வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

தமிழ்ப் பள்ளிக்கூடமே சனிக்கிழமை வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு அங்கே பாடம் எடுக்கும் அம்மா, "எல்லாம் சாக்கர்தாங்க. பாதிப் பிள்ளைங்க வர்றதில்ல. வர்ற பாதியும் ஜெர்ஸியோட வந்து தூங்குதுங்க" என்றார். நம் ஊர்க் கால்பந்துக்கு இங்கே சாக்கர் என்று பெயர்.

எனக்கு இது புரியவே இல்லை. இந்த ஊருக்கு வந்தபோது என்னிடம் சொல்லப்பட்டது வேறு.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டேன். என் அத்தை மகள் நன்றாகப் படித்து இன்ஜினியர் ஆனாள். அவளையே எனக்குக் கட்டி வைத்தார்கள். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு டெக்சாஸுக்கு வந்தவன் நான். வேலை பார்க்க அனுமதி வரும்வரை வீட்டில் சும்மா இருந்த காலத்தில், எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதம் பக்கத்து வீட்டுப் பெரியவர். ரிட்டயரான வெள்ளைக்காரர். வீட்டு வாசலில் தன் ஃபுட்பால் டீமின் கொடியை வருஷம் முழுக்கப் பறக்கவிட்டிருப்பார். அவர் பேசுவதில் பாதிதான் எனக்குப் புரியும். புரிந்ததை வைத்து எழுதுகிறேன்.

"டெக்சாஸில் இரண்டே விஷயம்தான். ஞாயிறு காலை சர்ச். வெள்ளி சாயங்காலம் ஹைஸ்கூல் ஃபுட்பால்" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு, எங்கள் பக்கத்துத் தேர்த் திருவிழா அளவுக்குக் கூட்டம். தலையில் இரும்புக் கவசம் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் கட்டிப்பிடித்து ஓடி, ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். நாலு தடவைக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. அதையெல்லாம் வீட்டுக்கு வந்து, சாமி பாட்டு எழுதி வைத்திருக்கும் என் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். பிழைக்க வந்த ஊரின் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வது மரியாதை என்று நினைத்தேன். இரண்டு வருஷம் பாடுபட்டுப் படித்தேன்.

என் மகள் வளர்ந்து, ஆறு வயதில், தனக்கு சாக்கர் வேண்டும் என்றாள்.

"கிரிக்கெட் வேணாமா? ஃபுட்பால் வேணாமா?" என்று கேட்டேன்.

"அப்பா, எவ்ரிபடி ப்ளேஸ் சாக்கர்" என்றாள்.

எவ்ரிபடி என்றால் யார் என்று பார்த்தால், பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேத்தியும் அதில் ஒருத்தி. பெரியவருக்கு மொத்தம் நாலு பேரன் பேத்திகள். நாலும் சாக்கர். ஃபுட்பாலில் பையன்களுக்குத் தலையில் அடிபடுகிறது என்று மருமகள் பயப்படுகிறாளாம். "நானும் ஆடியவன்தான். என் தலைக்கு என்ன குறை?" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்ல முடியும்? "நத்திங் சார்" என்றேன். சாக்கர் உலகக் கோப்பை ஆட்டங்கள் வேறு நம் பக்கத்துக்கே வரப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் வீட்டு வாசலில் கொடி மட்டும் மாறவில்லை.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். காது குத்திய கதைக்கு வருகிறேன்.

என் மகள் இதே பிளானோவில், எட்டு மாசத்தில் பிறந்தவள். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். தொடக்கூட விடவில்லை. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு எங்கள் குலசாமி அம்மனை வேண்டினேன். "தாயே, இவளை என் கையில குடு. உன் வாசல்ல, தாய்மாமன் மடியில வச்சு, இவளுக்குக் காது குத்துறேன்." அவ்வளவுதான் என் வேண்டுதல். இருபத்திரண்டாம் நாள் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள்.

கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. ஒரு வருஷம் விசா காகிதம் சரியில்லை என்றார்கள். ஒரு வருஷம் கொரோனா. அதன் பிறகு, ஊருக்குப் போனால் திரும்பி வர பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் கிடைக்குமோ கிடைக்காதோ என்று மனைவியின் ஆபீஸில் பயமுறுத்தினார்கள். இப்படியே பத்து வயசு ஆகிவிட்டது. வகுப்பில் எல்லாப் பெண் பிள்ளைகளும் காதில் ஏதாவது போட்டிருக்க, என் மகள் மூளிக் காதோடு திரிந்தாள். "மால்ல போனா ரெண்டு நிமிஷம் மச்சான். மெஷின் வச்சு டக்குனு குத்திருவாங்க" என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். நான் அசையவில்லை. குத்துகிற இடமும் மடியும் சொல்லிவிட்ட பிறகு எப்படி மாற்றுவது?

இந்தக் கோடையில் போனோம். ஸ்டாம்பிங் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வரும்போது ஆடி பிறந்துவிட்டது. அம்மன் கோயிலுக்கு ஆடி தோஷம் இல்லை என்று பூசாரி சொல்லிவிட்டார். மச்சினன் மடியில் என் மகளை உட்கார வைத்தோம். பத்து வயசுப் பிள்ளை, கால் தரையில் தட்டியது. அவனுக்கே வெட்கம். "மாப்பிள்ளை தேடுற வயசுல கொண்டு வந்திருக்கீங்களே மாமா" என்று கேலி பண்ணினான். ஆசாரி தங்கக் கம்மலைக் குத்தி முடுக்கினார். பிள்ளை அழவில்லை. நான்தான் அழுதேன். பூசாரி விபூதியைப் போட்டு, "ஒரு மண்டலம் தங்கம் காதுல கெடக்கணும். கழத்தப்படாது" என்றார். நாற்பத்தெட்டு நாள். சரி சாமி என்றேன். அதில் என்ன கஷ்டம் என்று அப்போது தோன்றியது.

ஆகஸ்டில் திரும்பினோம். பள்ளிக்கூடம் திறந்தது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை சாக்கர் சீசன். என் மகள் இந்த வருஷம்தான் முதல் முறையாகத் தேர்வு வைத்து எடுக்கும் டீமில் சேர்ந்திருந்தாள். கோல்கீப்பர். வலைக்கு முன்னால் நின்று பந்தை உள்ளே விடாமல் தடுக்கிறவள். அதற்காக இரண்டு வருஷம் எங்கள் கராஜ் கதவில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துப் பழகினாள். கதவில் விழுந்த பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன.

அந்த முதல் சனிக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ரெஃப்ரி ஷூவையும் காலில் வைத்திருக்கும் தடுப்பையும் தட்டிப் பார்த்தாள். ரெஃப்ரி என்றால் பெரிய ஆள் இல்லை, மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண். இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருப்பாள். என் மகளிடம் வந்ததும் காதைக் காட்டி ஏதோ சொன்னாள். மகள் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

கம்மல் போட்டு ஆடக் கூடாதாம். நகை எதுவும் ஆகாது.

மனைவி ஓடிப்போய் காரிலிருந்து பேண்ட்எய்ட் எடுத்து வந்து இரண்டு காதிலும் ஒட்டினாள். ஒட்டினாலும் கூடாதாம். "ஐ ஆம் சோ சாரி மேடம்" என்று அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

"கழட்டிருவோமா?" என்று மனைவி என்னைப் பார்த்தாள்.

அன்றைக்கு முப்பத்தொன்பதாம் நாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

மகள் ஜெர்ஸியோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். வேறு ஒரு பிள்ளையைக் கோலில் நிறுத்தினார்கள். அந்தப் பிள்ளை பாவம், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டது. ஐந்து கோல் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் என் மகள் தன் கையுறையை இழுத்து இழுத்துச் சரி பண்ணிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். "இது என்ன விளையாட்டு? எங்கள் காலத்தில் நான் உடைந்த விரலோடு ஆடினேன். கம்மலுக்குப் பயப்படுகிறார்கள்" என்றார். அவர் எனக்கு ஆதரவாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் எந்தப் பக்கம் ஆதரவு என்று எனக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கோச்சிடமிருந்து மெசேஜ் வந்தது. ரொம்பப் பதவிசாக எழுதியிருந்தார். உங்கள் நம்பிக்கையை மதிக்கிறேன், ஆனால் டீமுக்கு ஒரு நிரந்தரக் கோல்கீப்பர் வேண்டும், வரும் சனிக்கிழமையும் ஆட முடியாவிட்டால் இந்த சீசனுக்கு இன்னொரு பெண்ணைப் பழக்க ஆரம்பித்துவிடுவேன் என்று. வரும் சனிக்கிழமை நாற்பத்தாறாம் நாள். விரலை விட்டு எண்ணினேன், காலண்டரை எண்ணினேன், கடையில் மாட்டியிருக்கும் தமிழ் காலண்டரையும் எண்ணினேன். எப்படி எண்ணினாலும் இரண்டு நாள் உதைத்தது.

"ரெண்டே நாள் மச்சான். பத்து வருஷம் பொறுத்த அம்மன் ரெண்டு நாளுக்காகவா கோச்சுக்கப் போறா?" என்றாள் மனைவி.

"பத்து வருஷம் பொறுத்தான்னுதான் பயமே. இன்னும் ரெண்டு நாள்கூட நான் பொறுக்கலைன்னு ஆயிரும்ல?"

"அப்போ புள்ள?"

"புள்ளைக்காகத்தானடி வேண்டுனேன்."

"அவ கேக்கவே மாட்டேங்குறா, கவனிச்சியா? கேட்டாக்கூடப் பரவால்ல."

அது உண்மைதான். மகள் ஒரு தடவைகூடக் கழற்றலாமா என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கராஜ் கதவில் பந்தை எறிந்துகொண்டிருந்தாள். நான் கடையிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்கும். டம், டம் என்று. அவள் கோபமாக இருக்கிறாளா, பயிற்சி பண்ணுகிறாளா என்று அந்தச் சத்தத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கடையில் கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது வேப்பிலைப் பாக்கெட் கண்ணில் பட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் கம்மல் தொலைந்துபோனால், புதுசு வாங்கும்வரை துளை தூராமல் இருக்க, வேப்பிலையின் ஈர்க்கை ஒடித்துக் காதில் சொருகிக்கொள்வார்கள். என் அக்கா ஒரு வருஷம் முழுக்க அப்படி இருந்திருக்கிறாள். ஈர்க்கு நகை இல்லை. உலோகம் இல்லை. மின்னாது. ரெஃப்ரி என்ன சொல்ல முடியும்?

அம்மன் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். தங்கம் நாம் அம்மனுக்காகப் போட்டது. வேம்போ அம்மனே. தங்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்மனையே வைத்தால் அது எப்படி வாக்குத் தவறியதாகும்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவளேதான் வழி காட்டுகிறாள் என்று நினைத்தேன். ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்குப் போனேன்.

சாமி அலமாரிக்கு முன்னால் விளக்கேற்றி, சூடம் காட்டி, மகளை உட்கார வைத்தேன். ஈர்க்குகளை மஞ்சள் தண்ணீரில் கழுவி முனையைத் தேய்த்து வைத்திருந்தேன். என் கையாலேயே கம்மல் திருகாணியைக் கழற்றினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு காதிலும் ஈர்க்கு ஏறிவிட்டது. கம்மல்களைக் குங்குமச் சிமிழில் போட்டு அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

மகள் கண்ணாடியில் பார்த்தாள். "அப்பா, ஐ ஹாவ் அ ட்ரீ இன் மை இயர்" என்றாள். பல நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குக் கழட்டாமலே இருந்திருக்கலாம், இல்ல கழட்டியே விட்டிருக்கலாம்" என்றாள். எனக்கு அது அப்போது காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை அதே மைதானம், அதே மஞ்சள் சட்டைப் பெண். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் என் மகளிடம் வந்ததும் குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். கோச்சைக் கூப்பிட்டாள். கோச்சும் குனிந்து பார்த்தார். இருவரும் என்னைக் கூப்பிட்டார்கள்.

"சார், இஸ் தட் அ ஸ்டிக்?"

"நோ கோல்ட்" என்றேன். "நோ மெட்டல். லீஃப்."

"லீஃப்?"

"மெடிசின். காட்ஸ் மெடிசின்."

அந்தப் பெண் விழித்தாள். பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். நகை என்று போட்டிருக்கிறது, குச்சி என்று எங்கும் போடவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அவளுக்கும் குழப்பம்தான். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுந்து வந்துவிட்டார். "அது குச்சிதானே? குச்சியைத் தடுக்க எந்தச் சட்டம் இருக்கிறது?" என்று என் சார்பில் வக்கீல் மாதிரி கேட்டார். கடைசியில் அந்தப் பெண் புத்தகத்தை மூடி, பந்து காதில் பட்டால் கம்மலைவிடக் குச்சி இன்னும் உள்ளே குத்தும், என்னால் அனுமதிக்க முடியாது என்றாள். அவள் சொன்னது நியாயம். அவள் சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. என் பிள்ளையின் காதில் நானே முள் மாதிரி ஒன்றைச் சொருகி, பந்துக்கு முன்னால் நிற்க அனுப்பியிருக்கிறேன்.

தங்கத்தையும் கழற்றியாகிவிட்டது. ஆட்டமும் இல்லை. மனைவி நேற்று சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மண்டலம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே என் கையால் உடைந்துவிட்டது. நான் சூடம் காட்டி உடைத்திருக்கிறேன்.

"ப்ளீஸ், ஒன் டைம்" என்று நான் மறுபடியும் ஆரம்பித்தேன்.

"அப்பா, போதும்ப்பா" என்றாள் மகள். தமிழில் சொன்னாள்.

கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். இடது காதிலிருந்து ஈர்க்கை உருவினாள். வலது காதில் கொஞ்சம் சிக்கியது, கண்ணை இறுக்கிக்கொண்டு இழுத்தாள். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினாள்.

"ஹோல்ட் திஸ்" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்த்து ஓடினாள்.

நான் அங்கேயே நின்றேன். பிள்ளை செய்தது சரியா தப்பா என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. மனைவி தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

ஆட்டத்தை நான் எங்கே பார்த்தேன்? கையை மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டபடியே இருந்தேன். என்ன கேட்டேன் என்றும் சொல்லத் தெரியவில்லை. மன்னிக்கச் சொன்னேனா, பந்தை உள்ளே விடாதே என்று சொன்னேனா, துளை தூர்ந்துவிடக் கூடாது என்று சொன்னேனா, எல்லாம் கலந்து போய்விட்டது. நடுவில் கண்ணைத் திறந்தால், எதிர்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டீமின் கோல்கீப்பருக்கு அம்மாவாம். அந்தப் பிள்ளை நெற்றியிலும் குங்குமம். இதை நான் முன்னால் யோசித்ததே இல்லை. இரண்டு பேரும் கேட்டால் அம்மன் யாருக்குக் கொடுப்பாள்?

என் மகள் பந்தைப் பிடித்தாள். பாய்ந்து விழுந்து பிடித்தாள். ஒரு தடவை முகத்துக்கு நேரே வந்ததைக் குத்தித் தள்ளினாள். ஒரு தடவை வலது பக்கம் விழுந்து, காது புல்லில் உரச, விரல் நுனியால் வெளியே தட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து, தொப்பியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு கத்தினார். ஃபுட்பால் மைதானத்தில்கூட அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்தது. பூஜ்யம், பூஜ்யம்.

எங்கள் பிள்ளைகள் ஓடிப்போய் என் மகளைக் கட்டிப்பிடித்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் தங்கள் கோல்கீப்பரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பெற்றோர்கள் கை தட்டினார்கள்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "யார் ஜெயித்தது?"

"நோபடி சார்."

"அப்புறம் எதற்கு எல்லாரும் குதிக்கிறார்கள்?"

"தெரியலை சார்" என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஓடி, ஒருத்தருமே ஒன்றும் போடாத ஆட்டத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். கொஞ்சம் கழித்து, "அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

கார் பக்கத்தில் நிற்க வைத்து மனைவி கம்மலைப் போட்டுவிட்டாள். சிமிழோடு எடுத்து வந்திருந்தாள், எனக்கே தெரியாது. இடது காதில் ஏறிவிட்டது. வலது காது சிவந்து தடித்திருந்தது. இரண்டு தடவை முயன்றாள். ரத்தம் துளிர்த்தது. "ஆ, அம்மா, ஸ்டாப்" என்று பிள்ளை கத்த, நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை காது இன்னும் வீங்கிவிட்டது. கிளினிக்கில் பார்த்த டாக்டர், உள்ளே கொஞ்சம் சீழ் பிடித்திருக்கிறது, மருந்து தருகிறேன், இப்போதைக்கு எதையும் போடாதீர்கள், துளை தூர்ந்தால் ஆறு மாசம் கழித்து மறுபடி குத்திக்கொள்ளலாம் என்றார். ஆறு மாசம் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அது எத்தனை வருஷக் கணக்கு, எத்தனை ஸ்டாம்பிங் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம், ஊரில் திங்கட்கிழமைக் காலை, பூசாரிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். கோயில் வாசலில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தங்கத்தைக் கழற்றியது, ஈர்க்கைச் சொருகியது, பிள்ளையே உருவிப் போட்டது, வலது காது வீங்கியது.

"எதுக்குக் கழத்துனீக?" என்றார்.

"பந்து வெளையாட்டு சாமி. கம்மலோட விட மாட்டேன்னுட்டாங்க."

"புள்ள வெளாடுச்சா?"

"வெளாடுச்சு சாமி. கோல்ல நிக்கிறா. பந்து உள்ள போகாமத் தடுக்கணும்."

"போச்சா?"

"போகலை சாமி. ஒண்ணுகூட."

"அப்புறம் என்ன" என்றார். பிறகு யாரோ கூப்பிட, "இந்தா வந்துட்டேன்" என்று அந்தப் பக்கம் திரும்பினார். போனைத் தூணோரம் வைத்துவிட்டார் போலிருக்கிறது, கோபுரமும் வானமும் சாய்வாகத் தெரிந்தன. நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் வந்தது. "அடுத்து வரும்போது வலது காதைப் பாத்துக்கிருவோம். வைக்கிறேன்" என்றார்.

அந்த "அப்புறம் என்ன" என்ற வார்த்தையை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அம்மன் மன்னித்துவிட்டாள் என்பதா? அவசரத்தில் இருந்த மனுஷன் பேச்சை முடிக்கச் சொன்னதா? மனைவியிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான், போய்த் தூங்கு" என்றாள். எப்படி ஒன்றாகும் என்று எனக்குப் புரியவில்லை.

கோலில் என் மகளின் இடம் அவளுக்கே நிலைத்தது. வலது காது ஆறி, துளை மூடிவிட்டது. கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு புள்ளி தெரிகிறது. அந்தக் கம்மல் குங்குமச் சிமிழிலேயே கிடக்கிறது. தினமும் விளக்கேற்றும்போது அதைப் பார்க்கிறேன். கடன் பாதி தீர்ந்ததா, முழுசும் பாக்கியா என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை காலை நான் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே பெரியவர் தன் நாற்காலியை எங்கள் கார் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். மகள் ஜெர்ஸியும் சாக்ஸும் போட்டுக்கொண்டு சாமி அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். யாரும் சொல்லவில்லை. அவளாகவே இடது காதுக் கம்மலைத் திருகிக் கழற்றினாள். சிமிழைத் திறந்து, மற்றதோடு போட்டாள்.

அம்மன் படத்தைப் பார்த்து, என்னிடம் சொன்ன அதே குரலில், "ஒன் அவர். ஹோல்ட் திஸ்" என்றாள்.

சாமியிடம் இப்படிப் பேசலாமா என்று நான் அவளைக் கண்டித்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் பிள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.